மாமனாரைக் கொன்ற கேலன்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓகஸ்ட் மாதப் பௌர்ணமியான ஒவ்வொரு நிக்கினிப் போயா தினத்தன்றும் காலையில் ஒரு செய்தி வந்து விழும். கடைசியாக வந்ததை எழுத்து மாறாமல் தருகிறேன்: “இன்று நான் வயிற்றோட்டத்தால் இறந்து மேன்முறையீட்டில் பிழைத்த தினம். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வரவும். தண்ணீர் கொதித்தாறியது.”

அனுப்பியவர் என் மாமனார். அதற்குக் கீழே மாமியார் கும்பிடும் கை ஒன்றை மட்டும் போட்டிருந்தார். அது வரவேற்பா, கண்டனமா, கடவுளிடம் முறையீடா என்று தெரியவில்லை.

திகதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. (வீட்டுத் தண்ணீர்ப் பம்பி வாங்கிய நாள், அது முதன்முதலில் பழுதான நாள், திருத்த வருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டு வராமல் விட்ட நாள் எல்லாம் என்னிடம் குறிப்பாக உள்ளன.) அந்த நினைவுநாளை ஆங்கிலத் திகதிப்படி கொண்டாடுவதுதான் முறை என்று மாமாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “செத்தது நான், தம்பி. சாவுக்குத் திதிதான் கணக்கு,” என்றார். ஆகவே பௌர்ணமி. வருடத்தை எழுதவும் எனக்கு அனுமதியில்லை. அதை வைத்து யாராவது என் மனைவி மயூரியின் வயதைக் கணக்குப் பார்த்துவிடுவார்களாம். நாடு முழுவதும் கியூஆர் குறியீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கற்பனை உலகத்தில் யதார்த்தம் வேண்டும் என்று அடம்பிடிப்பவனுக்கு நிஜ உலகத்தில் அனேகமாக எதுவும் கட்டுப்பட்டிருக்காது. அன்றைய நான் அதற்கு நல்ல உதாரணம். வயது இருபத்தெட்டு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பெற்றோரோடு வாசம். ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் தளத்தில் வேலை. பல நாடுகளிலிருந்தும் வரும் சரக்கின் எடையையும் கனவளவையும் அந்தந்த நாட்டு அளவிலிருந்து நமது அளவுக்கு மாற்றி எழுதுவது என் பொறுப்பு. அதாவது அளவுகளை மாற்றுவதற்காகவே எனக்குச் சம்பளம் தந்தார்கள். இந்தத் தகவலை வாசகர் மனதில் வைத்திருக்க வேண்டும். பின்னால் என்னை அவமானப்படுத்த உதவும்.

பொழுதுபோக்கு, வேடமேற்று விளையாடும் மேசை விளையாட்டு. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதைசொல்லி, உலகமும் வானிலையும் எதிரிகளும் அவர் கையில். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். பாத்திரம் செய்ய நினைப்பது கைகூடுமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். கதைசொல்லி ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் தப்பினீர்கள். எங்கள் குழுவில் கதைசொல்லி நான்தான். வேறு யாரும் கேட்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

விளையாட்டுக்கு வெளிநாட்டில் அச்சிட்ட ஒரு விதிப்புத்தகம் இருந்தது. அதை வாசிக்க வாசிக்க எனக்கு எரிச்சல் ஏறியது. தூரம் அடியிலும் மைலிலும், எடை பவுண்டு எனும் இறாத்தலில், தண்ணீர் கேலனில். (இறாத்தல் என்றால் எனக்குக் கடையில் இறாத்தல் கணக்கில் விற்கும் பாண் ரொட்டிதான் ஞாபகம் வரும். வாளின் எடை மூன்று இறாத்தல் என்று வாசித்ததும் வீரன் ஒருவன் மூன்று பாணைச் சுழற்றிக்கொண்டு போருக்குப் போவதாகத் தோன்றும்.) காணியைப் பேர்ச்சிலும், ஆளின் உயரத்தை அடியிலும், தங்கத்தைப் பவுணிலும், பெற்றோலை லீற்றரிலும் அளக்கும் ஊரில் பிறந்தவன் நான். கற்பனை உலகமாவது ஒரே அளவில் ஒழுங்காக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கிலோவுக்கும் லீற்றருக்கும் மாற்றினேன்.

அதோடு நின்றிருக்கலாம். அந்தப் புத்தகத்தில் ஒரு வீரன் முழு இரும்புக் கவசமும், கயிறும், ஏணியும், ஆயிரம் பொற்காசும் சுமந்துகொண்டு மலையேறுவான். இரவு நித்திரை கொண்டால் காலையில் எல்லாக் காயமும் ஆறிவிடும். இது என்ன நியாயம்? பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில், ஸ்கூட்டர் இருக்கையில் இருந்தபடியே, என் சொந்த விதிகளை எழுதத் தொடங்கினேன். பசி, தாகம், செருப்புத் தேய்மானம், புண் சீழ் பிடித்தல். எடைகள் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பயணப்பெட்டி நிறுக்கும் தொங்குதராசு ஒன்று வாங்கி வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். வாள் இல்லாதபடியால் குழி தோண்டும் அலவாங்கை நிறுத்தேன். என் அம்மா இதையெல்லாம் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இவனுக்குச் சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைக்கணும்,” என்று அப்பாவிடம் சொன்னார்.

அதில்தான் சிக்கல் இருந்தது. மயூரி எங்கள் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தாள். வெள்ளவத்தை, பூர்வீகம் யாழ்ப்பாணம். அவளுடைய பெரியம்மா மகன் கோபி என் குழுவில் வாள்வீரன். அந்த வழியாகத்தான் பழக்கம். விஷயம் வீடு வரை போனபோது அவளுடைய அம்மா, அதாவது அன்றைக்கு நான் ‘அன்ரி’ என்று அழைத்தவர், என்னிடம் தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டார்.

“தம்பி எவடம்?”

“கொட்டாஞ்சேனை அன்ரி.”

“அதுக்கு முதல்?”

“ஹட்டன் பக்கம்.”

“அதுக்கு முதல்?”

அதற்கு முதல் தாத்தாவின் அப்பா இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திருந்தார். தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் எந்தக் கப்பலில், எந்த மாதத்தில் வந்தார் என்பதை நானும் தேடிக்கொண்டுதான் இருந்தேன். அதைச் சொன்னேன். பிறகு சாதகக் குறிப்பைக் கேட்டார்.

என் நட்சத்திரம் மூலம். அன்ரியின் சாத்திரியார் பொருத்தம் பார்த்து, மற்றதெல்லாம் பரவாயில்லை, ஆனால் இந்த மாப்பிள்ளையால் மாமனாருக்கு ஒரு கண்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தோட்டத்துப் பூர்வீகத்தைக் காரணம் காட்டி ஒரு சம்பந்தத்தை மறுப்பது வெள்ளவத்தையில் நாகரிகமல்ல. நட்சத்திரத்தைக் காரணம் காட்டினால் யாரும் குறைசொல்ல முடியாது. அன்ரியின் மனதில் இருந்தது இரண்டில் எது என்பது எனக்குத் தெரியாது. அன்ரி ஓம் என்று சொல்லாமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கோபிதான் யோசனை சொன்னான். “ஐசே, நீர் சம்மந்தம் கதைக்க வர வேண்டாம். போயாவுக்கு எல்லாருக்கும் லீவு. எங்களோட விளையாட வாரும். சித்தப்பாவும் இருப்பார். அப்பிடியே உம்மைப் பாத்தமாதிரியும் இருக்கும்.”

இப்படியாக, பெண் பார்க்கப் போகாமல் பார்க்கப்படப் போனேன். ஒரு கையில் கதலிப்பழச் சீப்பு, மறு கையில் என் விதித் தாள்களைக் கோத்த கோவை.

வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், ரயில் பாதைக்குக் கிட்டிய தொடர்மாடி ஒன்றின் முதலாம் மாடியில். ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடிகள் நடுங்கும். வீட்டார் கதையை நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். மயூரியின் அப்பா குளித்து, திருநீறு பூசி, சட்டைப் பையில் பேனையோடு மேசைத் தலைப்பில் உட்கார்ந்திருந்தார். குடிநீர் வழங்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்ற எஞ்சினியர். அவரை அப்போது ‘அங்கிள்’ என்பேன்.

“தம்பி, நானும் விளையாடலாமோ?”

“ஆமாங்க அங்கிள்.” (மயூரி ‘ஆமாங்க’வுக்குப் பதிலாக யாழ்ப்பாணத்து ‘ஓம்’ சொல்லப் பழகு என்று சொல்லியிருந்தாள். பஸ்ஸில் வரும்போது பழகிப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் தியானம் செய்வதாக நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தார்.)

“அப்ப நான் என்னவா வாறது?”

“என்னவா வேணும்னாலும் வரலாம் அங்கிள். மந்திரவாதி, வீரன், திருடன்…”

“என்னைக் களவெடுக்கச் சொல்லுறீரோ?”

“இல்ல அங்கிள், அது ஒரு வகைப் பாத்திரம்.”

“மந்திரமும் எனக்குத் தெரியாது. நான் எஞ்சினியராவே வாறன். வயசு அறுபத்துநாலு.”

“சித்தப்பா, முப்பதெண்டு போடுங்கோ. ஓட ஏலும்,” என்றான் கோபி.

“அடையாள அட்டையிலை இருக்கிற வயசைப் போடும், தம்பி.”

போட்டேன். என் விதிகளில் அறுபது கடந்தவர்களுக்கு நோயெதிர்ப்பில் நான்கு புள்ளி கழிவு. அதை எழுதும்போது என்னைவிட வயதானவர் யாரும் விளையாடியதில்லை. அந்த நிமிடமே கோவையை மூடிவிட்டு, தலையிடி என்று சொல்லி எழுந்திருக்கலாம். அன்றைய எனக்கு அவ்வளவு புத்தி கிடையாது. மாறாக, சுமக்கக்கூடிய எடையைக் கணக்கிட வேண்டும் என்று சொல்லி ஒவ்வொருவரிடமும் உடல் எடையைக் கேட்டேன். மயூரி அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

கதை இதுதான். வறண்ட வெளி ஒன்றைக் கடந்தால் பழைய கோட்டை. ஐந்து நாள் நடை. ஐந்தாம் நாள் மாலையில்தான் கிணறு வரும். போகிறவர்கள் எஞ்சினியர் அங்கிள், வாள்வீரன் கோபி, வைத்தியர் மயூரி. தண்ணீர்ப் பீப்பாயைச் சுமக்க ஒரு கழுதை.

முதல் இரண்டு மணி நேரத்தில் அவர்கள் கிராமத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை. அங்கிள் பீப்பாயின் கொள்ளளவைக் கேட்டார். பாதையின் சரிவைக் கேட்டார். கழுதை மன்னார்க் கழுதையா, வேறு இனமா என்று விசாரித்தார். நான் பூரித்துப்போனேன். என் யதார்த்தத்துக்கு மதிப்புக் கொடுத்த முதல் மனிதர் அவர். கோபி மட்டும், “டிராகன் எப்ப வரும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்ரி விளையாட்டில் சேரவில்லை. குசினிக்கும் கூடத்துக்கும் இடையில் வடைத் தட்டோடு போய் வந்துகொண்டிருந்தார். ஆனால் காது இங்கேதான்.

“தண்ணி கொதிக்க வைக்கக் கேத்தில் ஒண்டு கொண்டு போங்கோ,” என்றார் போகிற போக்கில்.

“எடை கூடிடும் அன்ரி.”

“ஒரு கேத்திலோ?”

“ஒண்ணே கால் கிலோ. எங்க வீட்டுல நிறுத்துப் பார்த்தேன்.”

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கட அம்மா ஒண்டும் சொல்லேல்லையோ?”

கணக்குப்படி கேத்திலைக் கொண்டுபோக வேண்டுமானால் கோபி வாளை விட வேண்டும். கோபி வாளை விடமாட்டேன் என்றான். கேத்தில் கிராமத்தில் தங்கியது.

“வழியிலை தண்ணி கொதிக்க வைக்க வேண்டி வந்தா?” என்று அங்கிள் கேட்டார்.

“பீப்பா நிறையத் தண்ணி இருக்கு சித்தப்பா,” என்றான் கோபி.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பீப்பாய் ஐந்தாம் நாள் வரை தாங்காது என்று என் கணக்குச் சொன்னது. அதுதான் இந்தக் கட்டத்தின் சவால். வீரர்களைக் கொல்ல டிராகன் எதற்கு, ஒழுங்கான கூட்டல் கழித்தல் போதும் என்பது அக்காலத்தில் என் கொள்கை.

நான்கு நாள் நடந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் பீப்பாயில் மூன்று லீற்றர்தான் மிச்சம் என்று அறிவித்தேன். ஆளுக்கு ஒரு லீற்றர். அங்கிள் சற்று யோசித்தார்.

“என்ரை பங்கை மயூரிக்குக் குடுத்திடும்.”

“அப்பா, இது விளையாட்டு,” என்றாள் மயூரி.

“விளையாட்டெண்டாலும் நீ தண்ணியில்லாமல் நடக்கிறதை நான் பாத்துக்கொண்டு இருக்கேலாது.”

எந்தக் கதைசொல்லியும் அந்த இடத்தில் மனம் இளகியிருப்பான். நான் தாகப் புள்ளிகளைக் கழித்தேன். உச்சி வெயிலில் பாதையோரம் ஒரு பச்சைக் குட்டை. அங்கிளின் தாகப் புள்ளி பூச்சியம்.

“நீங்க குட்டைத் தண்ணியைக் குடிக்கிறீங்க அங்கிள்.”

“நான் குடிக்க மாட்டன்.”

“தாகப் புள்ளி முடிஞ்சிடுச்சு அங்கிள். உங்க பாத்திரம் தன்னால குடிக்கும். அதான் சட்டம்.”

“பாத்திரமும் நான்தானே. நான் குடிக்க மாட்டன் எண்டுறன்.”

“கழுதையும் குடிக்குது அங்கிள்,” என்றேன், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

பகடையை உருட்டச் சொன்னேன். அசுத்தத் தண்ணீருக்குப் புத்தகம் பத்து விழுந்தால் போதும் என்கிறது. அது சிறுபிள்ளைத்தனம் என்று நான் பதின்மூன்றாக்கியிருந்தேன். வயதுக் கழிவு நான்கு. ஆகவே பதினேழு வேண்டும். விழுந்தது ஆறு.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. நோய்க்குறிகளுக்கென்று நான் தனியாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதைக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். முதலில் வயிற்று முறுக்கு. பிறகு… பிறகு வருவதை வடைக்கு முன்னால் வாசித்திருக்கக் கூடாது.

“நான் வைத்தியர்,” என்றாள் மயூரி பற்களுக்கிடையில். “என்ன செய்யலாம்?”

“பக்கத்துல இருந்து ஆறுதல் சொல்லலாம்.” (மந்திர வைத்தியத்தை யதார்த்தமில்லை என்று ஒழித்திருந்தேன்.)

“உப்பும் சீனியும் தண்ணியிலை கரைச்சுக் குடுத்தாப் போதும்,” என்றார் அங்கிள், துறைசார் அமைதியோடு.

“அந்த உலகத்துல இன்னும் சீனி கண்டுபிடிக்கல அங்கிள்.”

“டிராகன் இருக்கு. சீனி இல்லை?”

மூன்றாவது தடவை உருட்டியதும் தோற்றதோடு முடிந்தது. “நீங்க இறந்துட்டீங்க,” என்றேன், எழுதிய கதையை நல்லபடியாக முடித்தவனின் திருப்தியோடு.

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பது வருஷம் இந்த நாட்டுக்குச் சுத்தமான தண்ணி குடுத்தனான். என்னை வயித்தோட்டத்திலையோ சாக்காட்டுறீர்? கழுதை குடிச்சது, நானும் குடிச்சன். கழுதை இருக்கு. நான் இல்லை.”

அப்போதுதான் அன்ரி தேநீர்த் தட்டோடு வந்தார்.

“ஆர் செத்தது?”

“சித்தப்பா,” என்றான் கோபி, வடையை மென்றபடி.

“ஆர் சாக்காட்டினது?”

கோபி என்னைக் காட்டினான். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. அலுமாரிக் கண்ணாடிகள் நடுங்கி ஓய்ந்தன. அன்ரி தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். மயூரி பின்னால் போனாள். குசினிக் கதவு திறந்தே இருந்தது.

“சாத்திரியார் சொன்னவர். மாமனுக்குக் கண்டம் எண்டு சொன்னவர். அப்பாவும் மகளுமா இருந்து சிரிச்சனீங்கள். வந்து அரை நாள் ஆகேல்லை.”

“அம்மா, அது பொய்ச் சாவு.”

“நல்ல நாளும் அதுவுமா, வீட்டு ஆம்பிளையை வீட்டு மேசையிலை வைச்சு. என்ரை வடையைத் திண்டுகொண்டு.”

மயூரி திரும்பி வந்து என் காதருகே குனிந்தாள். வீட்டார் முன்னால் ‘நீங்கள்’ போட்டுக் கதைப்பவள் அதைக் கைவிட்டிருந்தாள்.

“மாத்து.”

“எப்படி மாத்துறது? இறந்தவங்க எழும்ப முடியாது. சட்டத்துல அப்படி இல்ல.”

“சட்டத்தை எழுதினது நீதானே?”

“அதுக்காக நினைச்ச மாதிரி மாத்தினா யாரு மதிப்பாங்க?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கல்யாண மண்டபத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எனக்கு அது விளங்கியது. விளங்கியும், வாயிலிருந்து வந்தது இதுதான்: “யதார்த்தம்னா அப்படித்தான்.” (இந்த வசனத்தை மயூரி இன்றும் பயன்படுத்துகிறாள். பெரும்பாலும் சாம்பாரில் உப்புக் கூடிய நாட்களில்.)

நான் கோவையை எடுத்துக்கொண்டு புறப்படத் தயாரானேன். தேடினால் அது அங்கிளிடம் இருந்தது. இறந்தவர் பேனையை எடுத்து, பழைய பத்திரிகை ஒன்றின் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, இஞ்ச இரும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி?”

“நாலரை லீற்றர் அங்கிள்.”

“உது எங்காலை எடுத்தனீர்?”

“புத்தகத்துல ஒரு கேலன். ஒரு கேலன் நாலரை லீற்றர். பள்ளிக்கூடக் கொப்பியோட பின்னட்டைலயே இருக்குமே.”

“சரி. பீப்பா?”

“புத்தகத்துல பதினைஞ்சு கேலன். அம்பத்தேழு லீற்றர். அது நெட்ல மாத்திப் பார்த்தது.”

“பதினைஞ்சை நாலரையாலை பெருக்கும்.”

பெருக்கினேன். அறுபத்தேழரை. இன்னொரு தடவை பெருக்கினேன். விடை மாறவில்லை.

“எங்கட கொப்பியிலை இருக்கிறது இங்கிலீசுக் கேலன்,” என்றார் அங்கிள் மிக மென்மையாக. “நீர் நெட்டிலை பாத்தது அமெரிக்கக் கேலன். அது சின்னன். பீப்பாவிலை தண்ணி நிரப்பேக்கை நான் அமெரிக்கன், குடிக்கேக்கை இங்கிலீசுக்காரன். அதுதான் செத்துப் போனன்.”

கோபி கதிரையில் சாய்ந்து கூரையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினான். அளவு மாற்றுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். எந்தக் கேலனை எடுத்தாலும், இரண்டு இடத்திலும் ஒரே கேலன் என்றால், பதினைந்து கேலன் மூன்று பேருக்குச் சரியாக ஐந்து நாள். கடைசிக் கோப்பையைக் குடித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போயிருப்பார்கள். புத்தகத்தை எழுதியவர்கள் அதை யோசித்துத்தான் எழுதியிருந்தார்கள். குட்டைக்கு வேலையே இல்லை. கேத்திலுக்கும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதன் செய்ய வேண்டியது என்ன? ‘மன்னிச்சுக்குங்க அங்கிள், நீங்க சாகல’ என்று சொல்வது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பிழையை ஏத்துக்கிறேன். ஆனா குடிச்சது குடிச்சதுதான். மேன்முறையீடா எடுத்து இன்னொரு தடவை உருட்ட விடலாம். பதினேழு வேணும்,” என்றேன்.

“இன்னும் பதினேழோ?” என்றான் கோபி. “ஐசே, கொலையும் செய்துபோட்டு விலையும் பேசுறீர்.”

“விடு, தம்பி சொல்லட்டும்,” என்றார் அங்கிள். அவருக்கு உற்சாகம் ஏறியிருந்தது. பகடையை இரு கைக்குள்ளும் போட்டு, கதிர்காமத்தில் தேங்காய் உடைப்பவர் போல் தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கி எறிந்தார். அது மேசையில் ஒரு துள்ளு, கதிரையில் ஒரு துள்ளு, பிறகு தரையில் உருண்டு குசினி வாசலைத் தாண்டி, குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய் மறைந்தது.

எல்லோரும் எழுந்தோம். அன்ரி அங்கேதான் நின்றார். “ஒருத்தரும் வர வேண்டாம்,” என்று சொல்லி, தும்புத்தடித் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்தார். நெற்றியைத் தரையில் முட்டுமளவுக்குத் தாழ்த்தி அடியில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு ரயில் வந்து போனது.

“பதினெட்டு,” என்றார்.

பிறகுதான் தும்புத்தடியால் இழுத்தார். பகடை தூசிப் பந்து ஒன்றோடு உருண்டு வெளியே வந்தது. வெளியே வந்தபோது அதில் இருந்தது ஏழு. ஆனால் இழுபட்ட பகடை செல்லாது என்று என் சட்டத்திலேயே இருக்கிறது.

அன்ரி எழுந்து சேலைத் தலைப்பை உதறிக்கொண்டார். அங்கிளைக் கால் முதல் தலை வரை ஒருமுறை பார்த்தார், உண்மையாகவே எங்கோ போய்த் திரும்பியவரைப் பார்ப்பது போல.

“கண்டம் வந்தது. கழிஞ்சுது,” என்றார். “இனி அந்தக் கதை இல்லை. மயூரி, தம்பிக்கு ரெண்டு வடை வை. தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேறை போடுறன்.”

மயூரி வடை வைத்தாள். அங்கிள் கணக்கெழுதிய பத்திரிகை ஓரத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். (எங்கள் கல்யாண வீட்டில் வாழ்த்துரை சொல்ல எழும்பியபோது எடுத்தது அதைத்தான்.) எனக்கு அப்போதும் நடந்தது விளங்கவில்லை. கிணற்றடியில் கதையைத் தொடரலாமா என்று கேட்டேன். நான்கு பேரும் சேர்ந்து வேண்டாம் என்றார்கள்.

கல்யாணமாகி இவ்வளவு நாளாகியும் அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர் தரும்போது, “எந்தக் கேலன்?” என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. கோபி எங்கள் வீட்டுக்கு வந்தால் குசினிக்குப் போய்க் கேத்திலைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வான். என் விதிக் கோவையில் இப்போது ஒரே ஒரு திருத்தம் உண்டு: அறுபது கடந்தவர்களுக்குக் கழிவு இல்லை, நான்கு புள்ளி கூடுதல். அது யதார்த்தத்துக்கு ஒத்து வராது என்று எனக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தை மட்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அன்ரிக்கு, இப்போது மாமிக்கு, மூக்குக்கண்ணாடி இல்லாமல் பத்திரிகைத் தலைப்பே தெரியாது. அவர் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்த நேரத்தில் அவருடைய கண்ணாடி கூடத்து மேசையில், வடைத் தட்டுக்கும் என் கோவைக்கும் நடுவில் இருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் போன ரயில் பகடையைப் புரட்டியிருக்கவும் கூடும். பதினேழு வேண்டும் என்று நான் சொன்னது குசினிக்குக் கேட்டதா என்று மாமியிடம் இருமுறை விசாரித்தேன். முதல் முறை, “நான் ஏன் உங்கட விளையாட்டைக் கேக்கிறன்?” என்றார். இரண்டாம் முறை, “கல்யாணம் நடந்ததுதானே? பிறகென்ன?” என்றார்.

ஆகவே அன்று விழுந்தது பதினெட்டு என்பதற்கு அவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரமில்லை. அது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.